டிஸ்னி வேர்ல்ட்: வருஷா வருஷம் போகிற குடும்பத்துக்கு எந்த டிக்கெட் கட்டுப்படியாகும்?

பதிவு 1 | பீச்ட்ரீவாசி

வணக்கம். அட்லாண்டாவிலிருந்து டிஸ்னி வேர்ல்ட் இருக்கற ஆர்லாண்டோவுக்கு, கார்லதான். பெரியவங்க ரெண்டு பேர், பையனுக்கு 8 வயசு, பொண்ணுக்கு வர்ற செப்டம்பர்ல 3 முடியுது. ஊர்ல இருந்து அப்பா அம்மா சம்மருக்கு வர்றாங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போகணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது போறதா திட்டம். முடிஞ்சா நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங்குக்கும். தங்கறது டிஸ்னிக்கு வெளிய.

எல்லாருக்கும் ஆனுவல் பாஸ் (ஒரு வருஷ நுழைவு) எடுத்துடலாமா, ஒவ்வொரு தடவையும் நாள் டிக்கெட் எடுக்கலாமா? பார்க் ஹாப்பர் (ஒரே நாள்ல ஒரு பார்க்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறிக்கற வசதி) தேவையா? "சீப் டிக்கெட்"னு விக்கிறவங்களை நம்பலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதிவு 2 | கணக்குப்பிள்ளை

எல்லாருக்கும் ஒரே மாதிரி டிக்கெட் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு.

வெளிமாநிலத்தார் பொதுவாக வாங்கக்கூடிய பாஸ் இன்க்ரெடி பாஸ் ஒன்றுதான். 2021 செப்டம்பரில் 1,299 டாலரில் தொடங்கியது, 2025 அக்டோபரில் 1,629 ஆகிவிட்டது. டிஸ்னி காட்டும் விலையில் வரி சேராது. ஆர்லாண்டோவில் 6.5 சதவீதம், ஆக ஒரு பாஸ் சுமார் 1,735. இதில் குழந்தை விலை கிடையாது. 3 வயதுப் பிள்ளைக்கும் இதே 1,735. நாள் டிக்கெட்டில் 3 முதல் 9 வரை குழந்தை விலை உண்டு, ஆனால் பெரியவர் விலையைவிடச் சில பத்து டாலர்தான் குறைவு. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நாள் டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். கணக்குப் புரிவதற்காக 5 நாள் டிக்கெட் வரியோடு 650 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தேதிக்கு உண்மையில் என்ன காட்டுகிறதோ அதைப் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் இரண்டு பயணம் என்றால் 1,300. பாஸ் தோற்றது. மூன்று பயணம் என்றால் 1,950. பாஸ் ஜெயித்தது. இரண்டுக்கும் நடுவே தொங்குகிறவர்களுக்குத்தான் குழப்பம்.

அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது பார்க்கிங். வெளியே தங்கிக் காரில் போனால் நாளுக்கு 30 டாலராவது ஆகும். பாஸ் வைத்திருப்பவர் காரில் இருந்தால் அது இலவசம். ஒரு காருக்கு ஒரு பாஸ் போதும். இரண்டு பயணம், பத்து நாள், 300 டாலர். ஆக முதல் பாஸின் மதிப்பும் இரண்டாவது பாஸின் மதிப்பும் ஒன்றல்ல. பார்க்கிங்கையும் கடைத் தள்ளுபடியையும் முதல் பாஸே கொண்டுவந்துவிடுகிறது. கடை பில்லைப் பாஸ் வைத்திருப்பவர் கையால் கட்டினால் சரி. இரண்டாவது பாஸ் தன் டிக்கெட் காசை மட்டும்தான் ஈட்ட வேண்டும். அதனால் பல குடும்பங்களுக்குச் சரிப்படுவது, பெரியவர் ஒருவருக்குப் பாஸ், மற்றவர்களுக்கு நாள் டிக்கெட்.

டிஸ்னி ஹோட்டலிலேயே தங்கினால் பார்க்கிங் எப்படியும் இலவசம். அப்போது இந்த வாதம் செல்லாது.

பதிவு 3 | டாம்பா தம்பி

கணக்கு அண்ணா சொன்னதோட காலண்டரையும் சேர்த்துக்கணும். பாஸ் 12 மாசம். ஆனா அந்த 12 மாசத்தை எங்க ஆரம்பிக்கிறதுங்கறது நம்ம கையில. ஆன்லைன்ல வாங்கினதும் ஓட ஆரம்பிக்காது, முதல் தடவை அங்க போய் ஆக்டிவேட் பண்ணும்போதுதான் ஆரம்பம்.

ஜார்ஜியாவுல ஸ்கூல் மே கடைசியிலேயே மூடிடுவாங்க, ஆகஸ்ட் தொடக்கத்துல திறந்துடுவாங்க. இது பெரிய வசதி. முதல் வருஷம் ஜூன் 20 வாக்குல போங்க. அடுத்த வருஷம் ஜூன் முதல் வாரம் போங்க. ரெண்டு சம்மர் பயணமும் ஒரே பாஸ்ல அடங்கிடும். நடுவுல தேங்க்ஸ்கிவிங்கும் சேர்ந்தா மூணு. மூணாவது சம்மருக்கு டிஸ்னியையே விட்டுட்டு, ஆர்லாண்டோவுலயே இருக்கற இன்னொரு தீம் பார்க்கான யுனிவர்சல் போங்க. நாலாவது வருஷம் மறுபடி புது பாஸ், மறுபடி ஜூன் 20.

பாஸை ரினியூ பண்ணாதீங்க. ரினியூ பண்ணினா பழைய பாஸ் முடிஞ்ச தேதியில இருந்தே புதுசு ஓட ஆரம்பிச்சுடும். நீங்க அடுத்து அங்க போறதுக்குள்ள நாலஞ்சு மாசம் சும்மா கரைஞ்சுடும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போறவங்களுக்கு முடிய விட்டுப் புதுசா வாங்கறதுதான் லாபம்.

விலை ஏத்தம் கடந்த மூணு வருஷமா (2023, 2024, 2025) அக்டோபர்லதான் வந்திருக்கு. வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா செப்டம்பருக்குள்ள வாங்கி வச்சுக்கலாம்.

பதிவு 4 | பீச்ட்ரீவாசி

ரொம்ப நன்றி அண்ணா, தம்பி. ஃப்ளோரிடாக்காரங்களுக்கு இதவிடக் கம்மி விலையில பாஸ் இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஜாக்சன்வில்ல சித்தப்பா இருக்கார், அவர் முகவரியை...

பதிவு 5 | டாம்பா தம்பி

வேண்டாம் அண்ணா. பிக்ஸி டஸ்ட், பைரேட்ங்கற பாஸ் ரெண்டும் ஃப்ளோரிடாவுல குடியிருக்கறவங்களுக்கு மட்டும். சார்சரர் பாஸ் ஃப்ளோரிடாவாசிகளுக்கும் டிஸ்னி வெக்கேஷன் க்ளப் உறுப்பினர்களுக்கும் (டிஸ்னி ரிசார்ட்ல பங்கு வாங்கினவங்க). ஆக்டிவேட் பண்ணும்போது குடியிருப்புச் சான்று கேப்பாங்க. சித்தப்பா முகவரி ஃப்ளோரிடாவா இருக்கலாம், உங்க லைசென்ஸ் ஜார்ஜியா ஆச்சே. அதுவும் இல்லாம பிக்ஸி டஸ்ட் வாரநாளுக்கு மட்டும், சார்சரர் தேங்க்ஸ்கிவிங் சமயத்துலயும் கிறிஸ்துமஸ் சமயத்துலயும் செல்லாது. நீங்க போற நாளுக்கு உதவாது.

பதிவு 6 | ராலே அக்கா

நாள் டிக்கெட் பக்கம் யாரும் இன்னும் உள்ளே போகவில்லை. மிச்சம் பிடிக்க இடம் இருப்பதே அங்கேதான்.

நாள் டிக்கெட்டுக்கு ஒரு தொடக்கத் தேதியும் அதிலிருந்து ஒரு செல்லுபடிக் காலமும் உண்டு. 2 நாள் டிக்கெட்டை 4 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். 3 நாளுக்கு 5, 4 நாளுக்கு 7, 5 நாளுக்கு 8, 6 நாளுக்கு 9, 7 நாளுக்கு 10. பத்து நாள் டிக்கெட்டுக்கு 14. இந்தக் கெடுவுக்குள் விட்டுவிட்டும் போகலாம், தொடர்ந்து போக வேண்டியதில்லை. குழந்தையும் பெரியவர்களும் இருக்கும் குடும்பம் நடுவில் ஒரு நாள் ஓய்வு வைக்காமல் ஐந்து நாள் தாங்காது. ஓய்வு நாளில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ், போர்ட்வாக், ஹோட்டல்களின் உணவகங்கள் எல்லாமே டிக்கெட் இல்லாமல் போகலாம். அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனாவில் ரொட்டி வகைகளைத் தொட்டுக்கொள்ளச் சட்னியோடு தட்டில் வைப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நிற்கும். அதற்கும் டிக்கெட் வேண்டாம். சைவக்காரர்களுக்கு நல்ல இடம்.

தொடக்கத் தேதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 4 நாள் டிக்கெட்டுக்கு 7 நாள் கெடு என்றால், நீங்கள் உண்மையில் நுழையும் நாளுக்கு மூன்று நாள் முன்பாகவே தொடக்கத் தேதியைப் போடலாம். நான்கு நாளும் தொடர்ந்து போவதாக இருந்தால் கெடுவுக்குள் அடங்கிவிடும். விலை தொடக்கத் தேதியை வைத்து வருவதால், விடுமுறைக் கூட்டம் தொடங்கும் வாரத்தில் மூன்று நாள் முன்தள்ளினால் விலை இறங்கலாம். ஒவ்வொரு தேதியாகத் தட்டிப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. ஆபத்தும் உண்டு. கார் ரிப்பேராகி ஒரு நாள் தாமதமானால் கடைசி நாள் கெடுவுக்கு வெளியே விழுந்துவிடும். விமானத்தில் வருகிறவர்கள் ஒரு நாளாவது இடைவெளி விட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

நாள்கள் கூடக்கூடச் சேரும் தொகை குறைந்துகொண்டே போகும். நான்கு நாள் வரை ஒவ்வொரு நாளும் கனம். அதற்கு மேல் ஒரு நாள் கூட்டுவதற்கு ஆகும் காசு முதல் நாள்களோடு பார்த்தால் சொற்பம். இதைப் பார்த்துவிட்டு ஏழு நாள் வாங்கி, ஐந்து நாள் போய், இரண்டை வீணாக்குகிறவர்கள் நிறைய. பாதி பயன்படுத்திய டிக்கெட்டின் மிச்ச நாள் அடுத்த வருஷத்துக்கு வராது. ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத டிக்கெட் காலாவதியானால் மட்டும், கட்டிய தொகையைப் புது டிக்கெட்டில் கழித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் டிக்கெட் மட்டும் நான்கு பார்க்கிலும் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம்) பார்க்குக்குப் பார்க் விலை மாறும். அனிமல் கிங்டம் மலிவான நாளில் 119. மேஜிக் கிங்டம் 2025 கிறிஸ்துமஸ் வாரத்தில் 199.

பதிவு 7 | மோனோரயில்

இன்னொன்று. "4 நாள், 4 பார்க்" என்று அவ்வப்போது சலுகை டிக்கெட் விடுவார்கள். 2024லும் 2025லும் வந்தது. விலை நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பார்க்குக்கு ஒரு நாள்தான், மேஜிக் கிங்டம் இரண்டாம் நாள் போக முடியாது. முதல்முறை வருகிறவர்களுக்கு அது போதும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, அதுவும் மூன்று வயதுக் குழந்தை இருந்தால், மேஜிக் கிங்டம் இரண்டு நாள் இல்லாமல் சரிவராது. அனிமல் கிங்டமில் டைனோலேண்ட் பகுதியை மூடிப் புதிதாகக் கட்டுகிறார்கள், இப்போது அங்கே முழு நாள் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதிவு 8 | கணக்குப்பிள்ளை

ஹாப்பர் பற்றி என் கருத்து: முதல் இரண்டு பயணத்துக்கு வேண்டாம். பார்க் மாறுவதற்குப் பேருந்து, பாதுகாப்புச் சோதனை, நுழைவு எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம் போகிறது. ஸ்ட்ரோலரை மடித்து விரித்து, தூங்கும் குழந்தையை எழுப்பி, இதற்குத் தலைக்கு இவ்வளவு காசா?

பதிவு 9 | மோனோரயில்

அண்ணன் சொல்வது பாதி சரி. எந்த இரண்டு பார்க் என்பதைப் பொறுத்தது. எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் நடுவே ஸ்கைலைனர் என்ற கம்பிவடப் பெட்டி ஓடுகிறது, படகும் உண்டு, நடந்தும் போகலாம். அந்த ஜோடிக்கு ஹாப்பர் வசதி. அனிமல் கிங்டம் மாலையிலேயே மூடிவிடும், மற்ற பார்க்குகளில் இரவு வரை ஆட்டம் இருக்கும். அனிமல் கிங்டம் போகிற நாளில் ஹாப்பர் இருந்தால் சாயங்காலம் வீணாகாது. 2024 ஜனவரி 9 முதல் எந்த நேரமும் மாறலாம், முன்பு இருந்த மதியம் 2 மணிக் கட்டுப்பாடு போய்விட்டது. அதே தேதியிலிருந்து நாள் டிக்கெட்டுக்கு முன்பதிவும் தேவையில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஹாப்பரைத் தனித்தனி நாளுக்கு வாங்க முடியாது, டிக்கெட்டின் எல்லா நாளுக்கும் சேர்த்துத்தான். ஒரே ஒரு நாள் மாறுவதற்காக வாங்கினால் நஷ்டம். முதலில் ஹாப்பர் இல்லாமல் வாங்குங்கள். அங்கே போனபின் வேண்டுமென்றால் டிஸ்னி செயலியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்ததைக் கழிக்கத்தான் முடியாது.

பதிவு 10 | கணக்குப்பிள்ளை

அது நியாயம். அனிமல் கிங்டம் நாளை மறந்துவிட்டேன்.

பதிவு 11 | ராலே அக்கா

பீச்ட்ரீ தம்பி, அப்பா அம்மா டிக்கெட் பற்றிச் சொல்கிறேன். ஜூன், ஜூலையில் ஆர்லாண்டோ வெயில் நம் ஊர்ச் சித்திரை மாதிரி, கூடவே புழுக்கம். மதியம் மூன்று நான்கு மணிக்கு இடிமழை அநேகமாகத் தினமும் வரும். வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். மழைக்குப் பணம் திரும்பாது. பெரியவர்களுக்கு ஐந்து நாள் வாங்காதீர்கள். இரண்டு நாள் போதும், நான்கு நாள் கெடுவுக்குள். எப்காட் ஒன்று. அங்கே உட்கார இடமும் குளிரூட்டிய காட்சிகளும் அதிகம். மேஜிக் கிங்டம் ஒன்று. மற்ற நாளில் அறையில் இருக்கட்டும், நீச்சல் குளத்துப் பக்கம் பேத்தியோடு உட்காரட்டும்.

இரண்டு நாளும் காலையில் போய் மதியம் அறைக்குத் திரும்பி மாலை மறுபடி போகலாம். அதே பார்க்குக்கு அதே நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் நுழையலாம், ஹாப்பர் தேவையில்லை.

வாசலில் விரல் ரேகை பதிவார்கள். வயதானவர்களுக்கு, அதுவும் சமையல், தோட்ட வேலை செய்த கைகளுக்கு, ரேகை பிடிக்காமல் தகராறு பண்ணும். பதறாமல் போட்டோ அடையாள அட்டையைக் காட்டலாம். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு வராதீர்கள். சக்கர நாற்காலி பார்க்குக்குள் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அதை அந்தப் பார்க்கை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பார்க்கிங்கிலிருந்தே நடக்க முடியாதவர்களுக்கு வெளிக் கடையில் வாடகைக்கு எடுத்து ஹோட்டலுக்கே வரவழைப்பது நல்லது.

வீசா இன்னும் கையில் வராத பெற்றோருக்கு நாள் டிக்கெட்டை முன்கூட்டி வாங்கவே வாங்காதீர்கள். தனியாக வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. தேதி மாற்றலாம், விலை கூடினால் வித்தியாசம் கட்ட வேண்டும், குறைந்தால் திருப்பித் தரமாட்டார்கள். டிஸ்னி ஹோட்டலோடு சேர்த்துப் பேக்கேஜாக வாங்கினால் 30 நாளுக்கு முன் ரத்து செய்யலாம், பணம் வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே சிலருக்குப் பேக்கேஜ் சரி.

சின்னவளுக்கு மூன்று முடியும் வரை டிக்கெட்டே வேண்டாம். சம்மர் பயணம் அவளுக்கு இலவசம்.

பதிவு 12 | டாம்பா தம்பி

அக்கா சொன்னதுக்கு ஒரு ஒட்டு. பசங்க உயரத்தையும் டிக்கெட் கணக்குல சேத்துக்கணும். ட்ரான் ரைடுக்குக் குறைஞ்சது 48 அங்குலம். ஸ்பேஸ் மவுண்டன், ஃப்ளைட் ஆஃப் பேசேஜ், எவரெஸ்ட் மூணுக்கும் 44. கார்டியன்ஸுக்கு 42. ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸுக்கு 40. செவன் ட்வார்ஃப்ஸுக்கும் ஸ்லிங்கி டாக்குக்கும் 38. வாசல்ல குச்சி வச்சு அளப்பாங்க, ஷூ போட்ட உயரம்தான் கணக்கு. ஒரு அங்குலம் கம்மின்னா கெஞ்சினாலும் விடமாட்டாங்க. பையன் 47 அங்குலம்னா ட்ரானுக்காகக் காசு கொட்டாதீங்க, அடுத்த வருஷம் வளந்துடுவான்.

சின்னவ ஏற முடியாத ரைடுக்கு ரைடர் ஸ்விட்ச் கேளுங்க. ஒருத்தர் குழந்தையோட வெளிய நிப்பாங்க, மத்தவங்க ஏறி வந்ததும் மாத்திக்கலாம், ரெண்டாவது வரிசை நிக்க வேண்டாம். பையன் ரெண்டு தடவை போகலாம்! இதுக்குக் காசு கிடையாது.

லைட்னிங் லேனுக்கு (காசு கட்டி ரைடுக்குக் குறுக்கு வரிசையில போறது) மட்டும் தனி பட்ஜெட் வச்சுக்கோங்க. தலைக்கு, நாளுக்கு, பார்க்குக்கு விலை மாறும். பாஸ்ல சேராது. உதாரணத்துக்கு ஆளுக்கு 25 டாலர்னு வச்சா மூணு பேர், நாலு நாள், 300 டாலர் போச்சு. டிக்கெட்ல தேடித் தேடி மிச்சம் பிடிச்சதெல்லாம் இங்க கரைஞ்சுடும். வெளிய தங்கறவங்க 3 நாள் முன்னாடி காலை 7 மணிக்கு புக் பண்ணலாம். டிஸ்னி ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு 7 நாள் முன்னாடியே திறக்கும், மொத்தத் தங்கலுக்கும் சேத்து. அதனால நல்ல நேரமெல்லாம் அவங்களுக்குப் போயிடும். மேஜிக் கிங்டமுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் மட்டும் வாங்குங்க. மத்த ரெண்டுலயும் காலைல வாசல் திறக்கறதுக்கு அரை மணி முன்னாடி நின்னா சமாளிச்சுடலாம்.

பதிவு 13 | எடிசன் பார்வையாளர்

ரோட்டோரக் கடை டிக்கெட் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கிஸ்ஸிமியில் 192ஆம் நெடுஞ்சாலை ஓரம் "தள்ளுபடி டிக்கெட்" பலகைகள் வரிசையாக நிற்கும். சில கடைகள் டைம்ஷேர் (விடுமுறை விடுதியில் பங்கு வாங்கும் திட்டம்) கூட்டத்துக்கு ஆள் பிடிக்கின்றன. டிக்கெட் உண்மையாகவே இருக்கலாம். அதற்கு விலை உங்கள் விடுமுறையில் ஒரு காலை நேரமும் காது வலிக்கும் வரை விற்பனைப் பேச்சும். இன்னும் சிலர் விற்பது மிச்ச நாள் உள்ள டிக்கெட். அது முதல் நுழைவிலேயே ஒருவர் விரலோடு கட்டப்பட்டுவிட்டது, கை மாற்றக் கூடாது என்பது விதி. வாசலில் நின்றபின்தான் தெரியும். இணைய விளம்பரப் பக்கங்களில் தனி ஆள் விற்கும் டிக்கெட்டும் அப்படியே.

அங்கீகாரம் பெற்ற மறுவிற்பனையாளர்கள் உண்டு, அண்டர்கவர் டூரிஸ்ட் அதில் ஒன்று. மிச்சம் பெரிதாக இருக்காது, ஆறு பேர் குடும்பத்துக்குச் சேர்ந்தால் கண்ணில் படும். பல இடத்தில் வரியைச் சேர்த்தே விலை காட்டுவார்கள், டிஸ்னி தளத்தில் வரிக்கு முந்தைய விலை காட்டும். ஒப்பிடும்போது இரண்டையும் வரியோடு வைத்து ஒப்பிடுங்கள். வாங்கியதும் உறுதி எண்ணை மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில் ஏற்றி, யார் பெயருக்கு எது என்று பொருத்துங்கள். இங்கே நிறைய தவறு நடக்கிறது. பையனின் குழந்தை டிக்கெட் அப்பா பெயரில் ஏறிவிடும். முதல் நுழைவுக்கு முன் செயலியிலேயே மாற்றலாம். நுழைந்தபின் வரிசையில் நின்று கெஞ்ச வேண்டும்.

டிஸ்னி கிஃப்ட் கார்டு இன்னொரு வழி. சாம்ஸ் க்ளப் கடையில் முகமதிப்பைவிடச் சற்றுக் குறைத்து விற்பார்கள். சின்ன கார்டுகளை டிஸ்னியின் கிஃப்ட் கார்டு தளத்தில் சேர்த்து ஒரே கார்டாக 1,000 டாலர் வரை ஆக்கலாம். பாஸையும் இதில் வாங்கலாம். காலியானாலும் கார்டை எறியாதீர்கள். ஏதாவது ரத்தானால் பணம் அந்தக் கார்டுக்கேதான் திரும்பும்.

பதிவு 14 | மோனோரயில்

வீட்டு அலமாரியில் பழைய டிஸ்னி டிக்கெட் கிடக்கிறதா என்று ஒருமுறை தேடச் சொல்வேன். 2005க்கு முன் விற்ற பல நாள் டிக்கெட்டின் மிச்ச நாள் காலாவதி ஆகாது. அதன்பின் 2015 தொடக்கம் வரை கூடுதல் காசு கட்டி "காலாவதி இல்லை" என்று வாங்கியிருந்தாலும் செல்லும். 2000 வாக்கில் இங்கே வந்த குடும்பங்களின் ஆல்பங்களுக்குள் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். கெஸ்ட் ரிலேஷன்ஸில் (பார்க்கின் உதவி மையம்) கொடுத்தால் சரிபார்த்துப் புது அட்டை தருவார்கள். மடிக்காமல், லேமினேட் பண்ணாமல் கொண்டுபோங்கள்.

பதிவு 15 | இர்வைன்காரன்

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டுக்கும் இதே கணக்கைப் போடாதீங்க மக்களே. இங்க ரெண்டு பார்க்தான், வாசலுக்கு வாசல் எதிர் எதிர். ஹாப்பர் இங்க நல்லாவே கட்டுப்படியாகும். பல நாள் டிக்கெட்டை முதல் தடவை நுழைஞ்சதுல இருந்து 13 நாளுக்குள்ள முடிக்கணும். முன்பதிவு இங்க இன்னும் கட்டாயம், டிக்கெட் மட்டும் இருந்தா உள்ள விடமாட்டாங்க. பாஸுக்கு மேஜிக் கீன்னு பேர், ஃப்ளோரிடா பாஸ் இங்க உதவாது. மூணு நாளுக்கு மேல யாருக்கும் தேவைப்படாது.

பதிவு 16 | பீச்ட்ரீவாசி

தம்பி மூணாவது வருஷம் யுனிவர்சல்னு சொன்னீங்களே, அதுக்கும் இதே மாதிரி சூட்சுமம் இருக்கா?

பதிவு 17 | டாம்பா தம்பி

இருக்கு. அங்க மிச்சம் பிடிக்கிற இடம் டிக்கெட் இல்ல, ரூம். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் இந்த மூணு ஹோட்டல்ல தங்கினா ரூம்ல இருக்கற எல்லாருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் (ரைடுக்குக் குறுக்கு வரிசை) சேர்ந்தே வரும். செக் இன் பண்ற நாள், செக் அவுட் பண்ற நாள் ரெண்டுக்கும் செல்லும். ஆக ஒரே ஒரு ராத்திரி தங்கினா ரெண்டு நாள் எக்ஸ்பிரஸ். ரூம் மதியத்துக்கு மேலதான் கிடைக்கும்னாலும் காலைலயே போய்ப் பதிவு பண்ணி எக்ஸ்பிரஸை வாங்கிட்டு பார்க்குக்குப் போயிடலாம். நாலு பேருக்குத் தனியா எக்ஸ்பிரஸ் வாங்கற காசையும் அந்த ஒரு ராத்திரி வாடகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கூட்ட நாள்ல ரூம்தான் சல்லிசு.

இது யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கும் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சருக்கும் மட்டும். யுனிவர்சல் 2025 மே 22ல திறந்த புது பார்க்கான எபிக் யுனிவர்ஸுக்குச் செல்லாது. டிக்கெட் வாங்கும்போது எபிக் எத்தனை நாள் சேந்திருக்குன்னு தனியாப் பாருங்க. ஹாக்வர்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில் ரெண்டு பார்க்குக்கும் நடுவுல ஓடுது, அதனால ஒரு பார்க் டிக்கெட்டை வச்சுக்கிட்டு ஏற முடியாது. பையன் ஹாரி பாட்டர் பைத்தியம்னா பார்க் டு பார்க் டிக்கெட் எடுத்தே ஆகணும்.

பதிவு 18 | ராலே அக்கா

அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் யாராவது படித்தால்: ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மேஜிக் கிங்டமில் சில இரவுகள் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் விருந்து (பார்ட்டி) நடக்கும். தனி டிக்கெட். அந்த நாளில் சாதா டிக்கெட்காரர்களை மாலை 6 மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள், வாணவேடிக்கை கிடைக்காது. பாஸ் இருந்தாலும் அதே கதிதான். விருந்து டிக்கெட் உள்ளவர்கள் மாலை 4 மணிக்கே நுழையலாம். நள்ளிரவு வரை எட்டு மணி நேரம் வருகிறது, அதனால் அன்று பகல் டிக்கெட்டை மிச்சப்படுத்திவிட்டு விருந்துக்கு மட்டும் போவதே லாபம். வாணவேடிக்கை பார்க்க வேண்டும், விருந்து டிக்கெட் வேண்டாம் என்றால் தேதியைப் பார்த்து விருந்தில்லாத இரவைத் தேர்ந்தெடுங்கள்.

பதிவு 19 | பீச்ட்ரீவாசி

எல்லாத்தையும் சேத்து இப்படி முடிவு பண்ணியிருக்கேன், தப்பிருந்தா திருத்துங்க.

ஜூன் 20ல இருந்து: எனக்கு இன்க்ரெடி பாஸ். மனைவிக்கும் பையனுக்கும் 5 நாள், ஹாப்பர் இல்லாம. அப்பா அம்மாவுக்கு 2 நாள். பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. தேங்க்ஸ்கிவிங் 3 நாள்: மனைவிக்கும் பையனுக்கும் மட்டும் டிக்கெட். அடுத்த ஜூன் முதல் வாரம்: மறுபடி 5 நாள்.

பதிவு 20 | கணக்குப்பிள்ளை

தேங்க்ஸ்கிவிங் வரியில் பாப்பாவை விட்டுவிட்டீர்கள். செப்டம்பரில் மூன்று முடிகிறதே, அப்போது டிக்கெட் வேண்டும்.

உங்கள் பாஸ் கணக்கு: 650, 480 (3 நாளுக்கு என் உத்தேசம்), 650, ஆக 1,780. பார்க்கிங் 13 நாளுக்கு 390. மொத்தம் 2,170 ஆகும் இடத்தில் 1,735. தாராளமாக எடுக்கலாம். மனைவிக்கு 1,780க்கு 1,735, இழுபறி. தேங்க்ஸ்கிவிங் உறுதியில்லை என்றால் இப்போது முடிவு செய்ய வேண்டாம். அவருக்கு 5 நாள் டிக்கெட்டே வாங்குங்கள். ஜூனில் கடைசி நாள், பார்க்கை விட்டுக் கிளம்பும் முன், கெஸ்ட் ரிலேஷன்ஸில் அதைப் பாஸாக மாற்றச் சொல்லலாம், வித்தியாசத்தைக் கட்டினால் போதும். டிக்கெட்டை முதலில் பயன்படுத்திய நாளிலிருந்து பாஸ் வருஷம் எண்ணப்படும். ஊர் திரும்பியபின் கேட்டால் நடக்காது. மறுவிற்பனையாளரிடம் வாங்கிய டிக்கெட் என்றால் எவ்வளவு தொகையைக் கழிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். பாஸ் விற்பனையில் இருந்தால்தான் இதெல்லாம். 2021 நவம்பரில் நிறுத்தி 2023 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தார்கள்.

பதிவு 21 | டாம்பா தம்பி

இன்னொரு ஓட்டை இருக்கு அண்ணா. நாள் டிக்கெட்டுக்கு முன்பதிவு வேண்டாம், ஆனா பாஸுக்குக் கூட்ட நாள்ல வேணும். "குட் டு கோ" நாள்னு போட்டிருந்தா மட்டும் வேண்டாம். இல்லைன்னா மதியம் 2 மணிக்கு மேலதான் முன்பதிவு இல்லாம உள்ள விடுவாங்க, அதுவும் சனி, ஞாயிறு மேஜிக் கிங்டமுக்குக் கிடையாது. தேங்க்ஸ்கிவிங் வாரத்துல மனைவியும் பசங்களும் காலைல உள்ள போயிடுவாங்க, பாஸ் வச்சிருக்கற நீங்க மட்டும் வாசல்ல நிப்பீங்க. ஒரே சமயத்துல 5 நாள் வரைக்கும் பதிவு வச்சுக்கலாம். உங்களுக்கு மூணுதான் வேணும், தேதி முடிவானதுமே போட்டுடுங்க.

பதிவு 22 | பீச்ட்ரீவாசி

நல்லவேளை சொன்னீங்க தம்பி. இன்னைக்கே காலண்டர்ல குறிச்சு வச்சுக்கறேன். பாப்பாவுக்கும் 3 நாள் சேத்துட்டேன் அண்ணா.